கதிரையின் சாய்மானம் எப்படிச் சரிகிறது, எப்படி நிற்கிறது

கதிரையின் சாய்மானத்தைச் சரிப்பது ஒரே வேலை போலத் தெரியும். உண்மையில் அங்கே இரண்டு வேலை நடக்கிறது. சாய்மானம் ஓர் அச்சில் திரும்ப வேண்டும். திரும்பிய பிறகு, அந்த இடத்திலேயே ஆளின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கவும் வேண்டும். திரும்புவதற்கு ஒரு பிணைச்சலோ ஒரு போல்ற்றோ போதும். அதில் பெரிய சூட்சுமம் கிடையாது. பழுது பெரும்பாலும் இரண்டாவது வேலையில்தான் வரும். வீட்டு விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரை, கொழும்பு பஸ்ஸின் ஆசனம், சலூன் கதிரை, அலுவலகச் சுழல்கதிரை, சக்கர நாற்காலி எல்லாம் வேறு வேறு பொருள்கள். ஆனால் சாய்மானத்தைப் பிடித்து நிறுத்தும் வழிகள் இரு கைவிரல்களில் எண்ணி முடிக்கக்கூடியவை. அவற்றை அறிந்துகொண்டால் வாங்கும்போது ஏமாற வேண்டியதில்லை. உள்ளூர் வெல்டிங் கடையில் எதைத் திருத்தலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதும் விளங்கும்.

பாரக் கணக்கு

60 கிலோ நிறையுள்ள ஒருவரின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி, தலை கைகள் உட்பட, மொத்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது ஏறத்தாழ 40 கிலோ. அந்த நிறையின் மையம் இடுப்பு மூட்டிலிருந்து ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது. நேராக நிமிர்ந்து இருக்கும்போது இந்த நிறை ஆசனத்துக்கே போய்விடும். சாய்மானத்துக்கு வேலையில்லை. பின்னால் சரியத் தொடங்கியதும் கதை மாறுகிறது. நேர்நிலையிலிருந்து 30 பாகை சரிந்தால், அச்சைச் சுற்றித் திருப்ப முயலும் வலு 40 × 30 × 0.5 (0.5 என்பது 30 பாகைக்குரிய சைன் அளவு), அதாவது 600 கிலோ-சென்ரிமீற்றர். 45 பாகைக்குச் சரிந்தால் அது ஏறத்தாழ 850.

இந்த 600ஐ யார் தாங்குவது? அச்சிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி ஓர் ஆணி பிடித்துக்கொண்டிருந்தால், அந்த ஆணியில் 600 ÷ 5 = 120 கிலோ விழும். அதே ஆணி 20 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் 30 கிலோதான். படலையைப் பிணைச்சலுக்குக் கிட்டப் பிடித்துத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. மெல்லச் சாய்பவருக்குத்தான் இந்தக் கணக்கு. களைத்து வந்து தொப்பென்று விழுந்து சாய்ந்தால், அந்த நொடியில் பாரம் இரண்டு மடங்காகும், சில வேளை அதற்கு மேலும் போகும். இரு பக்கமும் பிடி இருக்க வேண்டிய கதிரையில் ஒரு பக்கம் கழன்றிருந்தால் முழுப் பாரமும் மற்றப் பக்கத்தில் ஏறுவதோடு சாய்மானச் சட்டமே முறுகும். ஆகவே எந்தக் கதிரையைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியவை இரண்டு: சாய்மானத்தைப் பிடித்திருப்பது எது? அது அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? தூரம் குறையக் குறைய உள்ளே இருக்கும் இரும்பு கனமாகவும் நுட்பமாகவும் இருக்க வேண்டும்.

அச்சு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்

நமது உடல் திரும்புவது இடுப்பு மூட்டில். அது ஆசனப் பலகைக்கு மேலே 9 சென்ரிமீற்றர் அளவிலும், சாய்மானத்துக்கு முன்னே 12 சென்ரிமீற்றர் அளவிலும் இருக்கிறது. பெரும்பாலான கதிரைகளின் அச்சோ ஆசனத்தின் பின் மூலையில், அடியில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு மையம் என்பதால் முதுகும் சாய்மானமும் வெவ்வேறு வட்டத்தில் போகின்றன. மேலே சொன்ன அளவுகளில் 30 பாகை சரித்தால், தோள் பக்கத்தில் சாய்மானத்துக்கும் முதுகுக்கும் இடையே ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் வழுக்கல் ஏற்படும். சாய்ந்ததும் சட்டை மேலே இழுபடுவது இதனால்தான். நிமிரும்போது இடுப்பு முன்னால் தள்ளப்பட்டு ஆள் ஆசன நுனிக்கு வந்துவிடுவதும் இதனால்தான்.

நல்ல சுகதேகிக்கு இது சின்னத் தொந்தரவு. எழும்பி ஒருமுறை சரியாக இருந்தால் தீர்ந்துவிடும். தானாக எழும்ப முடியாதவருக்கு இது தோலைக் கிழிக்கும் விடயம். அதைச் சக்கர நாற்காலியில் விரிவாகப் பார்ப்போம்.

எவ்வளவு சரிக்கலாம் என்பதற்கு ஒரு பொதுவான அளவு உண்டு. ஆசனத்துக்கும் சாய்மானத்துக்கும் இடைப்பட்ட கோணம் எழுதுவதற்கு 90 முதல் 100 பாகை, கணினி பார்ப்பதற்கு 100 முதல் 110, ஓய்வாக இருப்பதற்கு 120க்கு மேல். நாரித் தாங்கியோடு சாய்மானத்தைப் பின்னால் சரிக்கும்போது முள்ளந்தண்டு வட்டுகளில் அழுத்தம் குறைகிறது என்பதைச் சுவீடனைச் சேர்ந்த அல்ஃப் நாக்கெம்சன் வட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்து காட்டினார். நாரி வலி உள்ளவர்களுக்கு நிமிர்ந்த மரக்கதிரை ஏன் ஒத்துவருவதில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

தடியும் பல்லும்

மிகப் பழைய வழியும் எளிய வழியும் இதுதான். சாய்மானத்தின் பின்னால் குறுக்கே ஒரு தடி. அந்தத் தடி கைப்பிடிகளிலோ பின் சட்டத்திலோ வெட்டிய பற்களில் அமர்ந்திருக்கும். தடியை அடுத்த பல்லுக்கு மாற்றினால் கோணம் மாறும். துணி கட்டிய மடக்குச் சாய்மனையில் இருப்பது இதுவே. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸின் நிறுவனம் 1860களில் விற்ற மரக்கதிரையிலும் இதுவே இருந்தது. அந்த வகையை இன்றும் மொறிஸ் கதிரை என்றே அழைக்கிறார்கள். இதில் பிடி அச்சிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி இருப்பதால் பாரம் குறைவு. மரமே போதும். வன்னியில் ஒரு தச்சரைக் கொண்டு செய்விக்கக்கூடிய ஒரே வகை இது என்பதால் அளவுகளோடு சொல்கிறோம்.

கைப்பிடி அச்சுக்கு மேலே 22 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடிகள் சாய்மானத்துக்குப் பின்னால் 25 சென்ரிமீற்றராவது நீண்டிருக்க வேண்டும். சாய்மானம் நேராக நிற்கும்போது அதன் பின்முகம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து அளந்தால், 10 பாகைக்கான பல் 3.9 சென்ரிமீற்றரிலும், 20 பாகைக்கானது 8 சென்ரிமீற்றரிலும், 30 பாகைக்கானது 12.7 சென்ரிமீற்றரிலும், 40 பாகைக்கானது 18.5 சென்ரிமீற்றரிலும் வரும். இடைவெளிகள் சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் போகப்போக அகலுகின்றன. பல தச்சர்கள் சம இடைவெளியில் பல் வெட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் முன் பற்களுக்கு இடையில் கோணம் அதிகமாகவும், பின் பற்களுக்கு இடையில் குறைவாகவும் மாறும். தடியின் தடிப்பும் பிணைச்சல் பூட்டிய இடமும் இந்த அளவைக் கொஞ்சம் நகர்த்தும். ஆகவே வெட்டுவதற்கு முன் சாய்மானத்தை ஒவ்வொரு கோணத்திலும் கயிற்றால் கட்டி நிறுத்தி, தடியை வைத்துப் பார்த்து, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரு கைப்பிடிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் வெட்டினால்தான் இரு பக்கமும் பொருந்தும். இரண்டு மில்லிமீற்றர் பிசகினால்கூட தடி ஒரு பக்கம் மட்டும் முட்டும், மற்றப் பக்கம் சும்மா இருக்கும்.

பல்லின் வடிவம் இன்னும் முக்கியம். சாய்பவரின் பாரம் தடியைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளுகிறது. 30 பாகையில் அந்தத் தள்ளல் ஏறத்தாழ 24 கிலோ. அதைத் தாங்குவது பல்லின் பின்சுவர். அந்தச் சுவர் செங்குத்தாக அல்லது நுனி சற்று முன்னே வளைந்ததாக இருக்க வேண்டும். முன்பக்கம் சரிவாக இருக்கலாம். அப்போதுதான் தடியை எடுத்து மாற்றுவது சுகம். பின்சுவரும் சரிவாக இருந்தால் ஒருவர் அசைந்து படுக்கும்போது தடி ஏறி வெளியே வந்துவிடும். ஆழம் தடியின் விட்டத்துக்குக் குறையக்கூடாது. தடிக்கு 25 மில்லிமீற்றர் முதிரை அல்லது அரை அங்குல ஜீ.ஐ. பைப் போதும். பல் வெட்டும் கைப்பிடிக்குப் பாலை அல்லது முதிரை நல்லது. வேம்பும் பரவாயில்லை. பாலையில் துளையிடாமல் ஆணி அடிக்கப் போகாதீர்கள். ஆணி வளையும், இல்லையேல் மரம் வெடிக்கும். பாலையும் முதிரையும் அனுமதியோடு வெட்டி விற்கப்படும் மரங்கள். ஆகவே மரக்காலையில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள்.

மாரி மழையில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். அச்சுக்கு 10 மில்லிமீற்றர் போல்ற் போட்டால் மரத்தில் துளை 11 மில்லிமீற்றர் இருக்கட்டும். இரு பக்கமும் அகலமான வோசர் போட்டு, முனையில் பூட்டு நட் போடுங்கள். சாதாரண நட் என்றால் சாய்மானம் ஒவ்வொரு முறை ஆடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும்.

துணிச் சாய்மனையில் பெரிய ஆபத்து விரலுக்குத்தான். கோணம் மாற்றும்போது ஆள் இருக்கக்கூடாது. பின்னால் நின்று மேல் தடியை ஒரு கையால் உயர்த்தி, தாங்குசட்டத்தை நடுவில் பிடித்து மாற்ற வேண்டும். பல்லுக்கு அருகிலோ இரு சட்டங்களும் சந்திக்கும் இடத்திலோ விரல் வைக்கக்கூடாது. சிறு பிள்ளைகளின் விரல் நசுங்குவது இப்படித்தான். மாற்றிய பின், இருப்பதற்கு முன், ஆசனத்தை இரு கையாலும் அழுத்திப் பாருங்கள். இரு முனையும் பல்லில் அமர்ந்திருக்க வேண்டும்.

ஆணியும் துளையும், பற்சக்கரமும்

அரைவட்டத் தகட்டில் துளைகள், ஊடே ஓர் ஆணி. இந்த வகையில் சொல்ல அதிகமில்லை. ஆணி 8 மில்லிமீற்றர், துளை 8.5 என்றால் நல்லது. துளை காலப்போக்கில் முட்டை வடிவமாகும்போது சாய்மானம் ஆடத் தொடங்கும். துளையை 10க்குப் பெரிதாக்கி, தடித்த ஆணி போட்டால் தீரும்.

பற்சக்கரமும் நாக்கும் கொண்ட வகை வெளியில் தெரியாமல் உள்ளே இருக்கும். ஒரு திசையில் கடகடவென்று ஏறும், மறுதிசையில் நாக்கு பல்லில் விழுந்து தடுக்கும். வீட்டு மடக்குக் கதிரைகளிலும் அலுவலகக் கதிரையின் முதுகு உயரத்தை மாற்றும் இடத்திலும் இது உண்டு. இதைப்பற்றித் தெரியாததால் நல்ல கதிரைகளைப் பழுது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மேலே தூக்கலாம், கீழே இறக்க முடியவில்லை என்பதுதான் முறைப்பாடு. கடைசிப் பல்லையும் தாண்டி முழுவதும் மேலே தூக்கினால் நாக்கு விலகிக்கொள்ளும். பிறகு தடையில்லாமல் அடிவரை இறங்கும். அங்கிருந்து வேண்டிய அளவுக்கு மறுபடி தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

உண்மையான பழுது என்பது நாக்கின் ஸ்பிரிங் உடைவதும் பல் தேய்வதும். பாரத்தோடு சாய்மானம் டக் என்று ஒரு பல் வழுக்கினால் அந்தக் கதிரையை அன்றே நிறுத்துங்கள். தேய்ந்த பல் அடுத்த பல்லையும் தேய்க்கும். பல்லை வெல்டிங்கில் நிரப்பி அரத்தால் தீட்டித் தருவார்கள். ஆனால் சூட்டில் இரும்பின் கடினம் போய்விடுவதால் அது நெடுநாள் நிற்காது.

பழைய வான் ஆசனத்தைக் கழற்றி வீட்டில் கதிரையாகப் போடுவது நமது பக்கத்தில் சாதாரணம். அதில் இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். லீவரைத் தூக்கியதும் சாய்மானத்தை முன்னால் மடிக்கும் சுருள் ஸ்பிரிங் ஒன்று உள்ளே இருக்கிறது. ஆள் சாயாத நேரத்தில் லீவரைத் தூக்கினால் சாய்மானம் முகத்தில் வந்து அடிக்கும். பூட்டைக் கழற்றும்போது அது இன்னும் மோசம். ஆகவே முதலில் சாய்மானத்தை முழுவதும் முன்னால் மடித்து ஸ்பிரிங்கைத் தளரவிட்டபின்தான் ஸ்பானர் வைக்க வேண்டும். இரண்டாவது, வானில் அந்த ஆசனம் தரையோடு போல்ற் பூட்டி இருந்தது. வீட்டில் அப்படி இல்லை. 40 பாகை சரியும்போது உடலின் மேற்பகுதி மையம் இடுப்புக்கு 19 சென்ரிமீற்றர் பின்னால் போகிறது. ஆகவே செய்விக்கும் இரும்புக் கால்கள் சாய்மான அச்சிலிருந்து 20 முதல் 25 சென்ரிமீற்றர் பின்னால் நீண்டிருக்க வேண்டும்.

சுற்றிச் சரிக்கும் வகைகள்

கிளிநொச்சி ஆஸ்பத்திரியானாலும் வவுனியா ஆஸ்பத்திரியானாலும், கட்டிலின் கால்மாட்டில் உள்ள சுற்றுப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயருவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் உள்ளே ஒரு நீண்ட திருகு, அதில் ஓடும் ஒரு நட். திருகின் புரி இடைவெளி 4 மில்லிமீற்றர் என்றால் ஒரு சுற்றுக்கு நட் 4 மில்லிமீற்றர் நகரும். அச்சிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி அது பிடித்திருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேல் உயரும். 45 பாகைக்கு ஏறத்தாழ 40 சுற்று. கை உளையும். ஆனால் இதன் பெரிய நன்மை, தனியாக ஒரு பூட்டு வேண்டியதில்லை. புரியின் சரிவு மிகக் குறைவு என்பதால் பாரம் எவ்வளவு அழுத்தினாலும் திருகு தானாகத் திரும்பாது. பல் மருத்துவரின் கதிரையில் மோட்டர் செய்வதும் இதையே.

காரில் வட்டப் பிடியைச் சுற்றிச் சாய்மானத்தைச் சரிக்கும் வகை வேறு. ஒரு வளையத்தின் உட்புறம் 36 பல், அதற்குள் 35 பல் கொண்ட சக்கரம். பிடியைச் சுற்றினால் சிறிய சக்கரம் மையம் விலகி உள்ளே உருளும். முழுச் சுற்று முடியும்போது ஒரு பல்லின் அளவு, அதாவது 36இல் ஒரு பங்கு, 10 பாகை மட்டும் வளையம் நகர்ந்திருக்கும். பல் எண்ணிக்கை ஆசனத்துக்கு ஆசனம் மாறும், தத்துவம் ஒன்றே. எந்தக் கோணத்திலும் நிற்கும், நழுவாது. பழுதானால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டும். அதைத் திறந்து திருத்துவது பயனற்ற வேலை.

பட்டனை அழுத்தினால் சரியும் வகைகள்

வவுனியாவிலிருந்து இரவில் கொழும்புக்குப் போகும் சொகுசு பஸ்ஸில் பட்டனை அழுத்திப் பின்னால் சாய்கிறோம். உள்ளே இருப்பது இரண்டில் ஒன்று. ஒன்று, வழுவழுப்பான ஒரு கம்பியை இறுக்கிச் சுற்றியிருக்கும் சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் இயல்பான உள்விட்டம் கம்பியைவிடச் சற்றுச் சிறியது என்பதால் அது கம்பியைக் கவ்விக்கொண்டே இருக்கும். பட்டன் அந்தச் சுருளைக் கொஞ்சம் அவிழ்க்கும்போது கம்பி வழுக்கி ஓடும், விட்டதும் மறுபடி கவ்வும். மற்றது காஸ் ஸ்பிரிங். உருளைக்குள் நைதரசன் வாயு, நடுவில் பிஸ்டன், பிஸ்டனில் ஒரு வால்வு. பட்டனை அழுத்தினால் வால்வு திறந்து வாயு இரு பக்கமும் போய்வரும், விட்டால் அடைபடும். வாயு மட்டும் உள்ளது பூட்டியபிறகும் கொஞ்சம் துள்ளும். பூட்டும் அறையில் எண்ணெய் நிரப்பியது கல்லாக நிற்கும்.

காஸ் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள், துளைக்காதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். உள்ளே அழுத்தம் பஸ் டயரில் உள்ளதைவிடப் பல மடங்கு. வெடித்தால் கம்பி துப்பாக்கி ரவை போலப் பறக்கும். பழைய இரும்புக்குப் போடும்போதும் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

காஸ் போய்விட்டது என்று சொல்லப்படும் ஆசனங்களில் நிறைய, கேபிள் தளர்ந்தவைதான். சோதிப்பது எளிது. லீவரை விட்டுவிட்டு, உருளையின் முனையில் தெரியும் சிறு ஊசியை ஸ்குரூ ட்ரைவரால் நேரே அழுத்துங்கள். சாய்மானம் அசைந்தால் காஸ் நலம். கேபிளின் முனையில் உள்ள சிறு நட்டைச் சுற்றி இழுவையை இறுக்கினால் முடிந்தது. அழுத்தியும் அசையாவிட்டால், அல்லது அழுத்தாமலே மெல்லச் சரிந்துகொண்டு போனால், உருளையைத்தான் மாற்ற வேண்டும். புதிதாக வாங்கும்போது மூன்று அளவு பொருந்த வேண்டும்: முழு நீளம், கம்பி உள்ளே போகும் தூரம், உருளையில் நியூட்டன் அலகில் பொறித்திருக்கும் வலு.

அலுவலகச் சுழல்கதிரையில் சாய்மானப் பொறி ஆசனத்துக்கு அடியில் ஒரு பெட்டியாக இருக்கும். முன்பக்கத்தில் உருண்டைப் பிடி ஒன்று தெரியும். அது சாய்மானத்தின் ஸ்பிரிங்கை இறுக்குவதற்கும் தளர்த்துவதற்கும். மெலிந்தவருக்குத் தளர்த்தியும் பருத்தவருக்கு இறுக்கியும் வைக்க வேண்டும். கடையில் வந்தபடியே பல வருடம் பாவிப்பவர்கள் அநேகர். சாய்ந்தால் கதிரை தூக்கி எறிவது போலிருந்தால் இடப்பக்கம் சுற்றித் தளர்த்துங்கள், அப்படியே பின்னால் விழுவது போலிருந்தால் வலப்பக்கம் சுற்றி இறுக்குங்கள். பக்கத்து லீவர் பூட்டுவதற்கு. பூட்டிய லீவர் திறக்க மறுத்தால் பலவந்தம் வேண்டாம். உள்ளே தகடு பாரத்தில் சிக்கியிருக்கும். கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாரத்தை எடுத்துக்கொண்டு லீவரை இழுத்தால் இலகுவாக வரும்.

மலிவான கதிரையில் முழு ஆசனமும் நடுக்கம்பத்தில் வைத்துப் பின்னால் சரியும். அப்போது முழங்கால் உயர்ந்து பாதம் நிலத்தை விடும். நல்லதில் சாய்மானம் இரண்டு பாகை சரிய ஆசனம் ஒரு பாகை மட்டும் சரியும், பாதம் நிலத்திலேயே இருக்கும். கடையில் இருந்து பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

சக்கர நாற்காலி

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் வாழ்பவர்கள் வன்னியில் பலர். அவர்களுக்குச் சாய்மானம் சௌகரியம் சார்ந்த விடயம் மட்டுமல்ல. முன்னே சொன்ன 7 சென்ரிமீற்றர் வழுக்கல், உணர்வுள்ளவருக்குச் சட்டை இழுபடுவது. உணர்வில்லாதவருக்கு நாரியிலும் வால் எலும்பிலும் தோல் இழுபட்டு, உள்ளே இரத்தம் ஓடாமல், படுக்கைப்புண் தொடங்கும் இடம். அவருக்கு அது நோகாது. அதனால்தான் பிறர் கவனிக்க வேண்டும்.

ஆசனமும் சாய்மானமும் ஒரே கோணத்தில் இருக்க, முழுவதுமாகப் பின்னால் சரியும் நாற்காலி உண்டு. அதில் வழுக்கல் மிகக் குறைவு. சாய்மானம் மட்டும் சரியும் நாற்காலியில் வழுக்கல் அதிகம். இரண்டும் செய்யக்கூடியது கிடைத்தால், முதலில் ஆசனத்தோடு சேர்த்துச் சரித்து, அதன்பிறகு சாய்மானத்தைச் சரியுங்கள். நிமிர்த்தும்போது மறுதலையாக, முதலில் சாய்மானம், பிறகு ஆசனம். சாய்மானம் மட்டும் சரிவது என்றால் கால் தாங்கியையும் உயர்த்த வேண்டும். கால் தொங்கிக்கொண்டிருக்கச் சரித்தால் ஆள் முன்னே வழுக்குவார். சரித்து முடிந்ததும் அவரின் தோளைப் பிடித்து முதுகைச் சாய்மானத்திலிருந்து ஒரு கணம் விலக்கி, உடுப்பின் மடிப்பை நீவி, மறுபடி சாய்த்துவிடுங்கள். இழுபட்ட தோல் தன் இடத்துக்கு வந்துவிடும். நிமிர்த்திய பின்னும் இதே. நாரி, வால் எலும்பு, இருக்கும்போது ஆசனத்தில் அழுந்தும் பிட்டத்து எலும்பு மூன்றையும் நாளாந்தம் வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தி எடுத்த பின்னும் மாறாத சிவப்போ கருமையோ தெரிந்தால் அந்த இடத்தில் பாரம் போடாமல் வைத்தியரிடமோ கிளினிக் தாதியிடமோ காட்டுங்கள்.

சரியும் சாய்மானமுள்ள நாற்காலியில் பெரிய சில்லு சாதாரண நாற்காலியைவிடப் பின்னால் தள்ளி இருக்கும், பின்புறம் கவிழாமல் தடுக்கும் சிறு சில்லுகளும் இருக்கும். மணல் ஒழுங்கையில் தள்ள இடைஞ்சல் என்று அந்தச் சிறு சில்லுகளைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தள்ளும்போது மேலே திருப்பி வைக்கலாம், சரிக்கும் முன் கட்டாயம் கீழே இறக்க வேண்டும். இல்லையேல் 40 பாகைக்கு மேல் ஆளோடு சேர்த்து நாற்காலி மல்லாக்க விழும். இரு கைப்பிடியிலும் லீவர் உள்ள வகையில் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒன்று மட்டும் விட்டால் சட்டம் முறுகி, பிறகு ஒருபோதும் ஒழுங்காகப் பூட்டாது.

சாய்மானம் சரிக்க வசதியில்லாத மடக்கு நாற்காலியிலும் ஒரு வழி உண்டு. துணிச் சாய்மானம் சில வருடத்தில் தொய்ந்து முதுகு கூனிவிடும். அந்தத் துணியை அகற்றி, 5 சென்ரிமீற்றர் அகலப் பட்டிகள் நான்கைந்தைக் குறுக்கே கட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்கும் ஒட்டுப் பட்டி (வெல்குரோ) தைத்து, மேலே மெல்லிய மெத்தை போடலாம். நாரிக்கு நேரேயுள்ள பட்டியைக் கொஞ்சம் இறுக்கமாகவும், அதற்குக் கீழே பின்தொடைக்கு மேலுள்ளதைத் தளர்வாகவும், தோளுக்கானதைச் சற்றுத் தளர்வாகவும் விட்டால் சாய்மானம் உடலின் வளைவுக்கு வரும். தையல் கடையில் முடிகிற வேலை.

புழுதி, உப்பு, எண்ணெய்

மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துச் செம்மண் புழுதி பற்சக்கரத்துக்குள் கிரீஸோடு சேர்ந்தால் அரத்தூளாக மாறும். முல்லைத்தீவு, அளம்பில் கரையோரத்தில் உப்புக்காற்று காஸ் ஸ்பிரிங்கின் கம்பியில் கறள் பிடிக்கச் செய்யும். கம்பியில் ஒரு சிறு பொளிவு விழுந்தாலே அது ரப்பர் வளையத்தை அறுத்து வாயுவை வெளியேற்றிவிடும். ஆகவே கம்பியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். மண்தாள் போடக்கூடாது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்ரிக் மடக்குக் கதிரையில் கைப்பிடியின் அடியிலுள்ள பல் வெளிறி, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தால், அது எந்த நேரமும் உடையும். திருத்த வழியில்லை.

திருகுக்குக் கிரீஸ் வேண்டும். பழையதை மண்ணெண்ணெயில் கழுவிய பிறகே புதியது பூசுங்கள். பற்சக்கரத்துக்கு மெல்லிய ஒயில் இரண்டு துளி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மரப்பல்லுக்கு மெழுகுதிரி தேய்த்தால் போதும். கைப்பிடியை இறுக்கித் தகட்டோடு தகடு உராயவைத்துப் பூட்டும் கதிரைகளுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெயும் படக்கூடாது. பட்டுவிட்டால் தகடுகளைக் கழற்றி, தின்னரில் நனைத்த துணியால் இரு முகத்தையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கழற்றிய அதே ஒழுங்கில் மறுபடி பூட்டி, ஆள் இருக்குமுன் சாய்மானத்தின் மேல் நுனியைக் கையால் பலமாகப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள்.